வெளிச்சத்துக்குக் கால் வேண்டும்

ஜிஸ்லேன் மதாம் கண் திறந்திருக்கும் புகைப்படம் ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது. கல்யாணப் படத்தில் மூடியிருக்கிறார். மகள் மரீனின் ஞானஸ்நானப் படத்தில் மூடியிருக்கிறார். கணவர் ஜூல், பிரெஞ்சுப் பட்டாளத்தில் மெடல் வாங்கிய அன்று எடுத்த படத்தில் மெடல், மீசை, பின்னால் பறக்கும் கொடி எல்லாம் பளிச்சென்று இருக்க, பக்கத்தில் மதாம் மட்டும் நின்றுகொண்டே தூங்குகிறார். கேமராவின் தலையில் ஃபிளாஷ் வெட்டப் போவது அவருடைய இமைகளுக்கு எப்படித்தான் தெரியுமோ, ஒரு நொடி முந்திக்கொண்டு மூடிவிடும். பாஸ்போர்ட்டுக்காக ஒருமுறை வெயிலில் நிறுத்தி எடுத்தார்கள். அதில் கண் திறந்திருந்தது. ஆனால் யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி இருந்ததால் அது தன் படமே இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஜூலுக்கும் ஜிஸ்லேனுக்கும் நாற்பதாவது கல்யாண நாள் நெருங்கியது. இந்தத் தடவையாவது அம்மாவின் கண்களைப் படத்தில் பார்த்துவிட வேண்டும் என்று மரீன் ஒரு முடிவோடு முத்தியால்பேட்டைக்குக் கிளம்பினாள். அங்கே மாடியில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து ஸ்டுடியோ வைத்திருந்தாள் அவளுடைய பள்ளித்தோழி சுமலதா.

சுமலதாவின் வீடு சேதராப்பட்டுப் பக்கம். வீட்டில் எல்லோரும் கரும்பும் மணிலாக்கடலையுமாக இருக்க, இவள் மட்டும் கேமராவும் கையுமாகத் தினம் ஸ்கூட்டியில் டவுனுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். சொந்தமாகக் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் ரேஷன் கார்டுக்கும் விசாவுக்கும் தலையை நீட்டுகிறவர்கள். ஒரு வீட்டு விசேஷத்துக்கு அவளைக் கூப்பிட்டு யாரும் வந்ததில்லை.

"உன்னால முடியுமாடி?" என்றாள் மரீன். "எங்க மமான் கண்ணத் தொறக்கணும். அவ்ளோதான்."

"முடியும்" என்றாள் சுமலதா, யோசிக்காமல். "ஃபிளாஷக் கேமரா தலையிலேர்ந்து எறக்கி, தள்ளி ஓரமா நிக்க வச்சுட்டா, அது வெட்றதே உங்க மமானுக்குத் தெரியாது. மூஞ்சியும் அப்பளம் மாதிரி வெளுத்துப்போவாது. நான் பிரவுசிங் சென்டர்ல போய் எல்லாம் படிச்சு வச்சிருக்கேன்."

படித்தது மட்டுமல்ல, வாங்கியும் வைத்திருந்தாள். பழைய ஃபிளாஷ் இரண்டு. கேமராவில் பட்டனை அழுத்தினால் கம்பியில்லாமலே அவற்றை வெட்ட வைக்கும் சீனத்துக் குட்டிப் பெட்டிகள். வெள்ளைக் குடைகூட இருந்தது. இல்லாதது ஒன்றுதான். ஃபிளாஷ் தானாகக் காற்றில் நிற்காது. அதற்குக் கால் வேண்டும்.

சென்னையில் ஒரு கடைக்குப் போன் போட்டாள். அந்த ஆள் ஒரு ஜோடி ஸ்டாண்டுக்கு விலை சொன்னான்.

"கேமராவும் சேத்தாங்கண்ணா?" என்றாள் சுமலதா.

மறுமுனையில் சிரிப்புக்கூட வரவில்லை. போனை வைத்துவிட்டான். விலை குறைந்த ரகம் ஒன்று தெரிந்த ஸ்டுடியோக்காரரிடம் இருந்தது. அதன் கால்கள் குடைக்கம்பி மொத்தம். மேலே ஃபிளாஷை வைத்தால் வருகிறவர் போகிறவரையெல்லாம் குனிந்து கும்பிட்டது. சுமலதா தானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தாள்.

"வாங்க வேணாம். ஊர்ல நிக்கிற சாமானா இல்ல?" என்றாள் மரீன். "உசரமா, நேரா, ஏத்தி எறக்கிற மாதிரி. என்னா இருக்குதுன்னு யோசி."

யோசித்தவளும் அவளே. ஆஸ்பத்திரி சாமான்களை வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்றில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற ஸ்டாண்டு வரிசையாக நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். பளபளவென்று, ஆள் உயரத்துக்கு மேல், கீழே சக்கரம் வேறு. இரண்டு பேரும் போய் ஒன்றை எடுத்தார்கள். ஸ்கூட்டியின் பின்னால் மரீன் அதை வேல் மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, குருசுக்குப்பத்து ஓரத்திலிருந்த அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கதவைத் திறந்த ஜிஸ்லேன் மதாம் மகளைப் பார்க்கவில்லை. மகள் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"மோன் தியே! யாருக்கு?" என்று கடவுளை அழைத்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஜூல்! ஜூல்!" என்று கத்தினார்.

ஜூல் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் காதில் விழவில்லை. பதில் வராததே மதாமுக்குப் போதுமானதாக இருந்தது. நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷர் போய்விட்டார், மகள் ஸ்டாண்டோடு தாமதமாக வந்திருக்கிறாள் என்று முடிவுகட்டி நாற்காலியில் சாய்ந்தார். தலையில் சோப்பு நுரையோடு ஜூல் எட்டிப் பார்த்து, "என்னா ஆச்சு?" என்று கேட்டபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சையெல்லாம் சேர்த்து மகளைத் திட்டினார்.

"நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள குளுக்கோஸ் கம்பியா கொண்டாருவ?"

அவர் கண்ணில் படாமல் மொட்டைமாடிக்கு ஏற்றி ஒருமுறை சோதித்தும் பார்த்தார்கள். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக மாடித் தளத்தைச் சற்றுச் சரிவாகப் போட்டிருந்தார்கள். சுமலதா ஃபிளாஷைக் கட்டிவிட்டு நகர்ந்ததுதான் தாமதம், சாப்பிட்டதும் உலாவப் புறப்பட்ட நோயாளி மாதிரி ஸ்டாண்டு தானாக நிதானமாக நடந்துபோய்த் தண்ணீர் போகும் மூலையில் சுவரைப் பார்த்தபடி நின்றது.

"அதுக்கே இங்க இருக்கப் பிடிக்கல" என்றாள் சுமலதா. அன்றைக்கே அது கடைக்குத் திரும்பியது.

அடுத்து மரீன் கோயில் பாடகர் குழுவில் பாட்டுப் புத்தகம் வைக்கிற ஸ்டாண்டைக் கேட்டு வாங்கி வந்தாள். தூக்க இறகு மாதிரி இருந்தது. சுமலதாவுக்கு அப்போதே ஒரு சந்தேகம். ஃபிளாஷைப் பொருத்தி, வெளிச்சம் மெத்தென்று விழுவதற்காக முன்னால் வெள்ளைக் குடையையும் விரித்தாள். குருசுக்குப்பத்துக் கடல்காற்றுக்குச் சாயங்காலம் ஆனால் வேறு வேலை கிடையாது. குடை விரிந்ததைக் கண்டதும் ஓடி வந்தது. ஸ்டாண்டு, குடை, ஃபிளாஷ் மூன்றும் ஒருசேர எழும்பின. ஃபிளாஷை மட்டும் சுமலதா பாய்ந்து பிடித்தாள். முட்டியில் தோல் போனது. குடையும் ஸ்டாண்டும் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பாவாடைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தன. பக்கத்து வீட்டு அம்மாள் அவற்றைத் திருப்பிக் கொடுக்க அரைமணி நேரம் விசாரணை நடத்தினாள்.

இதற்குள் ஜூலுக்கு இந்த வேட்டையில் ருசி வந்துவிட்டது. பென்ஷன் வாங்கி வீட்டிலிருக்கும் மனுஷருக்கு இப்படி ஒரு வேலை கிடைத்துப் பல நாளாகிறது. ஒரு மத்தியானம் திருப்புளியோடு உட்கார்ந்து, ஹாலில் நின்ற ஃபேனின் தலையைக் கழற்றிவிட்டு, அடிப்பாகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இந்தா சுமா. பாறை மாதிரி நிக்கும்."

நின்றது. ஆனால் இடுப்பு உயரத்துக்கு மேல் வரவில்லை. இருந்தாலும் மனுஷர் ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறாரே என்று அதில் ஃபிளாஷை வைத்து, அவரையே எதிரில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தாள் சுமலதா. வெளிச்சம் கீழிருந்து மேலே அடித்ததில் மூக்கின் நிழல் நெற்றி வரை ஏறியிருந்தது. மீசை இரண்டு கொம்புகளாகச் சுவரில் விழுந்திருந்தது.

"பப்பா, சுடுகாட்டுலேர்ந்து நேரா வர்ற மாதிரி இருக்கீங்க" என்று மரீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூல் கேமராவை வாங்கி உற்றுப் பார்த்தார். "எங்க கொமாந்தான் இப்படித்தான் இருப்பான்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. தன் படைத்தலைவர் சாயல் தனக்கு இருப்பதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் மதாமுக்குத்தான். திரும்ப மாட்டிய ஃபேனில் ஒரு திருகு மிச்சமாகி, அதன்பிறகு அது மதாமின் நாற்காலிப் பக்கம் மட்டும் திரும்ப மறுத்துவிட்டது.

விசேஷத்துக்கு முந்தின நாள் சுமலதா ஸ்டுடியோவைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். முடியும் என்று அன்றைக்கு அவ்வளவு சுலபமாகச் சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. முதல் விசேஷமே சொதப்பினால் அப்புறம் ஆயுசுக்கும் ரேஷன் கார்டுத் தலைகள்தான். மார்க்கெட் பக்கம் கன்னியப்பனின் சவுண்டு சர்வீஸ் கடையைத் தாண்டும்போது ஸ்கூட்டியை நிறுத்தினாள். குழாய் ரேடியோக்களுக்கும் வயர்ச் சுருள்களுக்கும் நடுவே மைக் ஸ்டாண்டுகள் நின்றன. கீழே தோசைக்கல் மாதிரி கனத்த இரும்பு வட்டு. மேலே திருகினால் நீளுகிற குழாய். போய் ஒன்றைக் காலால் தள்ளிப் பார்த்தாள். அவளுடைய கால்தான் வலித்தது.

"என்னாம்மா, கடையில வந்து சாமான ஒதைக்கிற?" என்றார் கன்னியப்பன்.

"இந்த ஸ்டாண்டு ரெண்டு வாடகைக்கு வேணும்ண்ணா. ஒரு நாளைக்கு."

"ரெண்டு மைக்கா? ஆம்ப்ளிஃபையர், பாக்ஸ் எல்லாம் ஆள் போட்டு அனுப்பிடட்டுமா?"

"மைக் வேணாம். ஸ்டாண்டு மட்டும்."

கன்னியப்பன் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். "மைக்கு இல்லாம எப்டிம்மா பேசுவீங்க?"

"பேசல. லைட்டு வைக்கப் போறேன்."

"அது பேசறதுக்குன்னே செஞ்சதும்மா" என்றார் அவர், சங்கடத்தோடு. ஆனாலும் கொடுத்தார். ஒன்றைப் பின்சீட்டிலும் ஒன்றை ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்திலும் ஏற்றுவதற்குள் சுமலதாவுக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சு வாங்கல் அவளுக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு கனத்தை எந்தக் காற்றும் தூக்காது.

சைக்கிள் டியூபைக் கிழித்து ஃபிளாஷைக் குழாயின் உச்சியில் இறுகக் கட்டினாள். குடையை நம்பி ஒருமுறை பட்டது போதும் என்று அதை விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாகப் பால் வெள்ளையில் உருண்டையாக இருந்த ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து ஃபிளாஷுக்குத் தொப்பி மாதிரி மாட்டினாள். வெளிச்சம் வடிகட்டினாற்போல மிருதுவாக விழுந்தது. மரீனை நிறுத்தி எடுத்த படத்தில் அவளுடைய முகப்பருக்கள்கூட அடக்கமாக இருந்தன.

"இதுதான்டி" என்றாள் மரீன்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் பூசை முடிந்து விருந்தாளிகள் மொட்டைமாடிக்கு வந்தார்கள். சீரியல் பல்புகள், பூச்செண்டு வைத்த மேஜை, அதற்குப் பின்னால் இரண்டு நாற்காலிகளில் ஜூலும் ஜிஸ்லேனும். மேஜைக்கு வலப்பக்கம் ஒரு ஸ்டாண்டு, இடப்பக்கம் ஒன்று. காற்று வழக்கம்போல வந்து இரண்டையும் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனது. சுமலதா பத்துப் படம் எடுத்தாள். மதாமுக்கு ஃபிளாஷ் வெட்டுவது தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் நாற்பது வருஷப் பழக்கம் அல்லவா, கேமராவைக் கண்டதுமே கண்கள் பாதி சொருகிக்கொண்டன. பத்திலும் மதாம் தூக்கத்தின் வெவ்வேறு கட்டத்தில் இருந்தார்.

மரீன் தூரத்திலிருந்து புருவத்தை உயர்த்திக் கேட்டாள். சுமலதா உதட்டைப் பிதுக்கினாள்.

அப்போதுதான் முசியே ஃப்ளோரான் எழுந்தார்.

ஃப்ளோரான், ஜூலோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவர். ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரி இரண்டு பேருமே பழைய சொல்தாக்கள், பட்டாளத்துச் சிப்பாய்கள். கல்யாணமோ அடக்கமோ, அவர் பேசாமல் எதுவும் முடிந்ததாகக் கணக்கில்லை. கண் புரை விழுந்து இரண்டு வருஷம். கண்ணாடி போட்டால் வயது தெரியும் என்று போடமாட்டார். கையில் கோப்பையோடு மேஜையை நோக்கி நடந்தவர், வலப்பக்கத்து ஸ்டாண்டின் முன்னால் நின்றார். அதன் உச்சியிலிருந்த வெள்ளை உருண்டையை விரலால் தட்டினார்.

டொக், டொக்.

"அலோ. அலோ. அன், தெ" என்று பிரெஞ்சில் ஒன்று, இரண்டு எண்ணினார்.

சுமலதா பதறிப்போய் முன்னால் அடி எடுத்து வைத்தாள். அதற்குள் ஃப்ளோரான் பழகிய கையால் திருகைத் தளர்த்தி, குழாயைத் தன் வாய் உயரத்துக்கு இறக்கி, டப்பாவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டார். "முசியே, அது வந்து..." என்று அவள் ஆரம்பித்தாள். நாற்காலியிலிருந்த ஜூல் விரலை உதட்டில் வைத்து அவளைத் தடுத்தார். சிரிப்பை அடக்கியதில் அவருடைய மீசை ஆடியது. மரீன் கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடினாள்.

"மெ ஷேர் அமி!" என்று தொடங்கினார் ஃப்ளோரான். அருமை நண்பர்களே என்ற அந்த அழைப்பு தெருக்கோடி வரை போனது.

சுமலதா தன் விளக்குகளைப் பார்த்தாள். ஒன்று பறிபோய்விட்டது. அது இனி ஃப்ளோரானுக்கு மட்டும்தான். இடப்பக்கத்து விளக்கு தம்பதியின் மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. சரி, ஒன்று அவருக்கு, ஒன்று இவர்களுக்கு. மண்டி போட்டு உட்கார்ந்து ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். ஃப்ளோரானின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் டப்பா பளீரென்று வெட்டியது. மனுஷர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"டிவிக்காரங்களும் வந்திருக்காங்க போல. பரவாயில்ல, எடுங்க எடுங்க" என்று டப்பாவிடம் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கேமரா என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தார்கள். மதாமும் மறந்திருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் சிரித்துவிடுவோம் என்ற பயம். சுமலதா காத்திருந்தாள்.

ஃப்ளோரான் பட்டாளத்துக் கதைகளை முடித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தார். "அன்னிக்கி கோயில்ல ஜூல் எப்டி நின்னான்? விறைப்பா, நெஞ்ச நிமித்தி. மாப்ள எவ்ளோ கம்பீரமா நிக்கிறான்னு பொண்ணு வீட்டுல எல்லாரும் பேசிக்கிட்டாங்க. கம்பீரம் இல்ல. மூச்சு வுட்டா பொத்தான் தெறிச்சிடும். ஏன்னா, அவன் பந்தலூன அன்னிக்கிக் காலையில இஸ்திரி போடறப்ப பொசுக்கிட்டான். போட்டிருந்தது என்னோட பந்தலூன்! இன்னி வரைக்கும் திருப்பிக் குடுக்கல!"

ஜிஸ்லேன் மதாம் நிமிர்ந்தார். தன் புருஷன் அடுத்தவன் கால்சட்டையில் தன்னைக் கல்யாணம் செய்துகொண்ட விஷயம் நாற்பது வருஷம் கழித்து இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. கண்கள் இரண்டும் அகல விரிந்தன. "ஜூல்!" என்று புருஷன் பக்கம் திரும்பினார். ஜூல் தோளைக் குறுக்கிக்கொண்டு கண்களை இறுக மூடிக்கொண்டார்.

சுமலதா பட்டனை அழுத்தினாள்.

திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சுமலதா இத்தனை நாளும் மதாமின் கண்கள் கறுப்பு என்று நினைத்திருந்தாள். பக்கவாட்டில் விழுந்த வெளிச்சத்தில் அவை தேன் நிறத்தில் இருந்தன. மரீன் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். சுமலதாவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மைக் இருக்கிறது என்று தெரிந்துவிட்டபிறகு மற்றவர்கள் விடுவார்களா? ஃப்ளோரானை அடுத்து இன்னும் இரண்டு பேர் வந்து டப்பாவைத் தட்டிவிட்டுப் பேசினார்கள். ஒருவருக்குக் கண்ணெல்லாம் நன்றாகவே தெரியும். ஆனால் ஃப்ளோரான் பேசிய இடத்தில் தானும் பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை.

திங்கட்கிழமை காலை ஸ்டுடியோ மாடிப்படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. ஃப்ளோரான்.

"என் பேச்சோட சிடி ஒண்ணு வேணும்மா. துலூஸ்ல இருக்கிற பசங்களுக்கு அனுப்பணும்."

சுமலதா அவருக்கு நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பொய் சொல்ல ஒன்றிரண்டு வழிகள் தோன்றின. சிடி கீறிப்போச்சு என்று சொல்லலாம். அவருடைய இஸ்திரி போட்ட சட்டையையும், கை நடுங்காமல் தண்ணீர் குடித்த விதத்தையும் பார்த்தபோது மனசு வரவில்லை.

"முசியே, அது மைக் இல்ல. என்னோட லைட்டு."

"என்னாது?"

"மேல இருந்தது ஐஸ்கிரீம் டப்பா."

ஃப்ளோரான் கைத்தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து முன்னால் சாய்ந்தார். "ஜூலுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சிரிச்சானா?"

"சிரிச்சாரு."

"சலோ" என்று முனகினார். அது பிரெஞ்சு வசவு என்பது மொழி தெரியாமலே சுமலதாவுக்குப் புரிந்தது. பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்ப நான் பேசுனது யாருக்கும் கேக்கலியா?"

"கேக்காம என்னா? கடைசி வரிசையில சமையல்காரங்க வரைக்கும் சிரிச்சாங்களே. கீழ ரோட்டுல ரெண்டு பேர் நின்னு கேட்டுட்டுப் போனாங்கன்னு மரீன் சொன்னா."

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். "மைக்கு இல்லாம?"

"மைக்கு இல்லாமத்தான்."

"அந்தக் காத்துல?"

"அந்தக் காத்துலதான் முசியே."

ஃப்ளோரானின் முதுகு ஒவ்வொரு எலும்பாக நிமிர்ந்தது. கோப்பையைத் தூக்கியபடி அவர் நிற்கும் படத்தைச் சுமலதா கம்ப்யூட்டரில் காட்டினாள். முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வெளிச்சம் இருந்ததால் ஒவ்வொரு சுருக்கமும் செதுக்கினாற்போல் இருந்தது. அவர் திரையில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இதப் பெருசா போடு. பசங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, ஜூலுக்கு ஒண்ணு. ஜூலுதுக்குப் பின்னால 'மைக் இல்லாமல்'னு எழுதிடு." படியிறங்கும்போதே செல்போனில் மகனைக் கூப்பிட்டுவிட்டார். மைக்கே இல்லாமல் ஒரு மாடி முழுக்கக் கேட்கும்படி பேசிய கதையை முத்தியால்பேட்டை முழுக்கக் கேட்கும்படி அவனுக்குச் சொல்லிக்கொண்டு போனார்.

அந்த வாரம் மரீன் கணக்குத் தீர்க்க வந்தபோது, "இனிமே சென்னையிலேர்ந்தே நல்ல ஸ்டாண்டா வரவழைச்சுக்கடி" என்றாள். மதாமின் படம் அதற்குள் நாலு வீடு சுற்றியிருந்தது. கனகசெட்டிக்குளத்தில் மீனவர் வீட்டுக் கல்யாணம் ஒன்று சுமலதாவுக்கு வந்திருந்தது.

சுமலதா யோசித்துப் பார்த்தாள். கனகசெட்டிக்குளமும் கடற்கரைதான். மணலில் பந்தல். சென்னை ஸ்டாண்டு அழகாக மடங்கும், பையில் அடங்கும். முதல் காற்றிலேயே படகோடு கடலுக்குப் போய்விடும். நேரே கன்னியப்பன் கடைக்குப் போய், பழைய மைக் ஸ்டாண்டு இரண்டை விலைக்கே கேட்டு வாங்கினாள். துருப்பிடித்த இடங்களில் கறுப்புப் பெயின்டை அவரே அடித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் அவற்றை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். பின்னால் இரும்பு கனத்ததில் வண்டி முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு போயிற்று. சிக்னலில் நின்றபோது பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் ஸ்டாண்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னிக்கி எங்கம்மா கூட்டம்? யாரு பேசறா?"

"வர்ற வெள்ளிக்கிழமைண்ணா, கனகசெட்டிக்குளத்துல" என்றாள் சுமலதா. "வந்தீங்கன்னா நீங்களே பேசலாம்."

பச்சை விழுந்தது. அவள் வண்டியை முறுக்கினாள்.